வடக்கில் சம்பளம் குறைவா, சம்பளம் தரும் வேலை குறைவா?

நீர்வேலியூரான் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். வேலை, சம்பளம் பற்றிப் பேச்செடுத்தால் "நாட்டிலேயே பின்தங்கிய மாகாணம் வடக்கு" என்று ஒருவர் தொடங்குவதும், "வெளிநாட்டுக் காசு வரும் ஊருக்கு என்ன குறை" என்று இன்னொருவர் முடித்துவிடுவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்பதால், தெரிந்த எண்களை முதலில் வைத்துவிட்டுப் பேசலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்கள்தொகை 2 கோடியே 3 இலட்சத்து 59 ஆயிரம். அதில் வடமாகாணத்தவர் 10 இலட்சத்து 61 ஆயிரம் பேர், அதாவது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். மத்திய வங்கி வெளியிடும் மாகாண உற்பத்திக் கணக்கில் எமது பங்கு அண்மைய ஆண்டுகளில் 4 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் இடையில் நிற்கிறது. மேல் மாகாணத்திலோ அதே மதிப்பீட்டின்படி மக்களில் 29 சதவீதம் பேர் வாழ்ந்தார்கள். உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் நடக்கிறது. ஆகவே "தேசியச் சராசரி" என்று நாம் மேற்கோள் காட்டுவது பெருமளவுக்குக் கொழும்பும் கம்பஹாவும் தூக்கி நிறுத்திய சராசரி. அதன் பக்கத்தில் வைத்தால் ஊவாவும் சப்ரகமுவவும் கிழக்கும் எங்களைப் போலவே கீழேதான் தெரியும்.

வீட்டு வருமானத்திலும் இதே கதைதான். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் 53,333 ரூபா என்றுதான் விடை வரும். மேலே இருக்கும் சிலரின் வருமானம் சராசரியை இவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறதென்றால், அந்தச் சராசரியை ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் முன்னால் அளவுகோலாக வைப்பதில் நியாயமில்லை.

என் கேள்வி வேறு. அரசாங்கச் சம்பளம் நாடு முழுவதும் ஒன்றே. பருத்தித்துறையில் படிப்பிக்கும் ஆசிரியருக்கும் மொரட்டுவையில் படிப்பிக்கும் ஆசிரியருக்கும் ஒரே சம்பளத் திட்டந்தான். நாட்கூலியும், நான் அறிந்தவரை, இங்கே தெற்கை விடக் குறைவாக இல்லை. அப்படியானால் பள்ளம் எங்கே இருக்கிறது? தனியார் துறையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் படித்த இளைஞர்களிடத்தில்தான் என்பது என் எண்ணம். கடை, அலுவலகம், கட்டடம், தோட்டம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளவர்கள் தாம் கண்டதை எழுதினால் நன்று.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நீர்வேலியூரான் ஐயா சொன்னது சரியான இடம். நகரத்தில் சில கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மாதக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், சம்பளத் தாளை அருகில் இருந்து பார்க்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் வந்தபோது மாதச் சம்பளத்தின் அடிமட்டம் 10,000 ரூபா. 2021இல் 12,500 ஆனது. அதன் பிறகு ரூபா சரிந்து, 2022 செப்ரெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 73.7 சதவீதத்தைத் தொட்ட காலம் முழுவதும் இந்த 12,500 அசையவில்லை. 2024 செப்ரெம்பரில் 17,500. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரி முதல் 30,000, நாட்சம்பளமானால் 1,200 ரூபா. இந்த அடிமட்டம் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஒன்றே. ஆயினும் நான் பார்க்கும் தாள்களில் அது ஒன்றாக இல்லை.

ஒரு புடவைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால், ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் பெயர் போவது முதலாளியின் உறவினர் ஒருவருக்கும் காசாளருக்கும் மட்டுமாக இருக்கும். மற்றவர்களின் சம்பளம் சம்பளமென்று எழுதப்படுவதில்லை. "உதவிப்பணம்" என்றோ "பயிற்சிக் கொடுப்பனவு" என்றோ ஒரு வவுச்சரில் எழுதிக் கையெழுத்து வாங்கப்படும். பயிற்சி மூன்று வருடம் போனாலும் அது பயிற்சியாகவே இருக்கும். காலை எட்டரைக்கு வந்து இரவு ஏழு மணிக்கு ஷட்டர் இறங்கும் வரை நிற்கிற அந்தப் பிள்ளைக்கு, கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலந்தான் என்று 1954இலேயே சொல்லிவிட்டது தெரியாது.

முறைப்படி செய்தால் கணக்கு இப்படி வரும். 30,000 ரூபா சம்பளத்தில் ஊழியரின் 8 சதவீதம் 2,400 கழிய, கைக்கு 27,600. முதலாளி தன் பங்காக 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் சேர்த்து 4,500 கட்ட வேண்டும். ஆக அவருக்கு விழும் செலவு 34,500. இந்த 4,500 ரூபாவைத் தவிர்ப்பதற்காகத்தான் அந்த வவுச்சர் முழுவதும் எழுதப்படுகிறது.


சுன்னாகம் வர்த்தகன் எழுதியது:

கணக்குப்பிள்ளை அவர்களே, 4,500 ரூபாவைத் தவிர்க்கத்தான் எல்லாம் நடக்கிறது என்பது முழு உண்மையல்ல. நானும் ஒரு கடை வைத்திருப்பவன். என்னிடம் வேலை செய்பவர்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த பதிவில் அதைத்தான் கேட்பீர்கள்.

கொழும்பு மொத்த வியாபாரியிடம் பொருள் எடுத்து லொறிக் கூலி கொடுத்து இங்கே இறக்கும்போது என் விலை அங்குள்ள கடைக்காரரின் விலையை விடக் கூடிவிடுகிறது; விற்பனையோ அங்குள்ளதில் ஒரு பங்கு. பெரிய நிறுவனங்களின் கிளைகள் வந்த பிறகு அவர்களின் விலையோடும் போட்டி போட வேண்டியுள்ளது. 2022இல் வங்கி வட்டி ஏறியபோது மிகைப்பற்றில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கடைகள் மூடப்பட்டன. இவை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பையனைக் கூட்டி வந்து சரக்கைத் தெரியவைத்து, வாடிக்கையாளரோடு பேசப் பழக்கிவிடும் நேரத்தில், கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ விசா வந்துவிட்டதென்று மறுநாளே நின்றுவிடுகிறான். ஏழெட்டு மாதத்துக்கு மேல் நில்லாத ஊழியருக்கு எந்த முதலாளி சம்பளத்தை ஏற்றுவார்?

சம்பளம் குறைவு என்பதால் போகிறார்களா, போவார்கள் என்பதால் சம்பளம் குறைவாக இருக்கிறதா என்பது எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு.


கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்களைப் போன்றவர்கள் குறைவு, அண்ணா. கட்டாதவரோடு போட்டி போட வேண்டியிருப்பதால் கட்டுகிறவர்தான் நட்டப்படுகிறார் என்பதை நானும் பார்க்கிறேன். அதனால்தான் சட்டம் எல்லோர் மேலும் ஒரேயளவாக விழ வேண்டும் என்கிறேன்.


ஒப்பந்தகாரன் எழுதியது:

கட்டட வேலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியில் நல்ல மேசனுக்கு நாட்சம்பளம் 4,000 ரூபாவைத் தொட்டுவிட்டது. கையாளுக்கு மூவாயிரத்துக்குக் கீழே பேசினால் அடுத்த நாள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். கூரை வேலை தெரிந்த ஓடாவிக்கு இப்போது நாங்கள்தான் காத்திருக்கிறோம். 2009க்குப் பிறகு வீட்டுத் திட்டங்களும் வெளிநாட்டு உறவுகள் கட்டும் மாடி வீடுகளும் சேர்ந்து வேலையைப் பெருக்கிவிட்டன. கைவேலை பழகிய ஆண்களோ போரிலும் புலம்பெயர்விலும் குறைந்துபோனார்கள். ஆகவே நீர்வேலியூரான் சொன்னபடி நாட்கூலியில் வடக்கு பின்தங்கவில்லை. பட்டம் பெற்ற ஒருவர் தனியார் அலுவலகத்தில் வாங்குவதை விட என் கையாள் கூடுதலாக வாங்குகிறார்.

ஆனால் இதை இருபத்தைந்தால் பெருக்கி மாத வருமானம் என்று எழுதிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் மாதத்தில் பாதி நாள் கூட அடித்தளம் வெட்ட முடியாது. வீட்டுக்காரர் அனுப்பும் காசு பிந்தினால் வேலை நின்றுவிடும். சாரத்திலிருந்து விழுந்தால் 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது என்று எத்தனை மேசன்மாருக்குத் தெரியும்? ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் விட்டுவிட்டால் அந்த 4,000 ரூபாவும் முடிந்தது. ஓய்வூதியமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. ஒப்பந்தகாரர்களாகிய எங்களில் பெரும்பாலானோர் கட்டுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.


கிளிநொச்சி மகள் எழுதியது:

இழை முழுவதும் "வடக்கு" என்று எழுதிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்தையே பேசுகிறீர்கள். கஸ்தூரியார் வீதியின் சம்பளத்தை வைத்து முல்லைத்தீவு ஒட்டுசுட்டானின் நிலையை அளக்க முடியாது. 2019 ஆய்வில் கொழும்பு மாவட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2.3 சதவீதம்; முல்லைத்தீவில் 44.5 சதவீதம், நாட்டிலேயே அதிகம். ஒரே மாகாணத்துக்குள் யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் உள்ள இடைவெளியைப் பேசாமல் தேசியச் சராசரியோடு ஒப்பிடுவது எதற்கு?

பெண்களின் வேலையைப் பற்றி ஒருவரும் இதுவரை எழுதவில்லை என்பதும் உறுத்துகிறது. நாடு முழுவதும் பார்த்தால் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் தொழிற்படையில் இருக்கிறார்கள். பெண்களில் மூன்றில் ஒருவர்தான். வடக்கில் பெண்களின் பங்கு அதிலும் குறைவு. இது பெண்கள் சும்மா இருக்கிறார்கள் என்பதல்ல. வெங்காயம் நடுவதும் களை பிடுங்குவதும் நண்டு பதனிடும் நிலையத்தில் சதை பிரிப்பதும் அவர்கள்தான். நாளுக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்குக் கை கொடுத்து முடித்துவிடுவதால், அது வேலை என்று அவர்களே சொல்வதில்லை. ஆய்வுக்கு வருகிறவர் "வேலை செய்கிறீர்களா" என்று கேட்டால் "இல்லை, வீட்டில்தான்" என்பார்கள்.

நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அதிகாலை ஐந்து மணிக்கு முன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸுக்காக இருட்டில் சந்தியில் நிற்க வேண்டும். வரவுக் கொடுப்பனவு என்று ஒரு தொகை உண்டு. மாதத்தில் ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றால் அது போய்விடும். உற்பத்தி இலக்கு அரைமணிக்கொரு தடவை பலகையில் எழுதப்படும். இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: என் பெயரில் சேமலாப நிதி விழுந்த ஒரே வேலை அதுதான். அதற்கு முன் நகரத்துக் கடையில் நின்ற காலத்துக்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.


வெள்ளவத்தை வாசி எழுதியது:

கணக்கியல் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்கிறேன். ஒரே மாதிரியான கணக்கு உதவியாளர் வேலைக்கு யாழ்ப்பாணத்தில் 40,000 பேசினார்கள். இங்கே 75,000 தந்தார்கள். தாளில் பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருவர் சேர்ந்து ஓர் அறை எடுத்து, கடைச் சாப்பாடு, பஸ், மாதம் ஒருமுறை யாழ்தேவியில் வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது அங்கே வீட்டில் இருந்துகொண்டு மிச்சம் பிடிப்பதை விடப் பெரிதாக இல்லை.

அப்படியானால் ஏன் இங்கே இருக்கிறாய் என்று அம்மா கேட்பார். இங்கே மூன்று வருடம் வேலை செய்தால் அடுத்த நிறுவனத்தில் பதவியும் சம்பளமும் ஏறும். அங்கே இன்றைக்கு 40,000 என்றால் ஐந்து வருடம் கழித்தும் 45,000ஆக இருக்கும்; மேலே ஏறுவதற்கு அடுத்த படி இல்லை, ஏனென்றால் மேலே இருப்பது முதலாளியின் மகன். மாகாணங்களுக்கிடையில் சம்பளத்தை ஒப்பிடும்போது முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் பத்தாவது வருடச் சம்பளத்தையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


நீர்வேலியூரான் எழுதியது:

கிளிநொச்சி மகள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதை விரித்துச் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. எமது மாகாணத்துக்கு நீண்ட காலம் எண்களே இருக்கவில்லை. 2006/07 வீட்டு வருமான ஆய்வில் வடமாகாணம் முழுவதும் சேர்க்கப்படவில்லை. 2009/10இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் வந்தன. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு விடுபட்டன. 25 மாவட்டங்களும் உள்ளடங்கியது 2012/13 ஆய்வில்தான். ஆகவே "போருக்கு முன் இவ்வளவு, இப்போது இவ்வளவு" என்று வரைபடம் போட்டு வருகிறவர்களிடம் நடுவில் உள்ள கோட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

வேலையின்மை வீதத்தையும் கவனத்தோடு படிக்க வேண்டும். ஆய்வு வாரத்தில் ஒரு மணித்தியாலம் வருமானத்துக்காக உழைத்தவரும், குடும்பத் தோட்டத்தில் சம்பளமில்லாமல் உதவியவரும் வேலையில் உள்ளவர்களாகவே எண்ணப்படுகிறார்கள். இது சர்வதேச வழக்கம். இலங்கை செய்த தந்திரம் அல்ல. ஆனால் தோட்டமும் கடலும் உள்ள மாகாணத்தில் இந்த வரையறையின்படி வேலையின்மை குறைவாகத்தான் தெரியும். நாட்டின் மொத்த வேலையின்மை 5 சதவீதத்தை அண்டி நிற்க, உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, அது எப்போதும் அதற்கு மேலேயே நிற்பதும் இதனால்தான். படிக்காதவருக்கு வேலையில்லாமல் இருக்க வசதியில்லை. படித்தவர் தனக்கேற்ற வேலை வரும் வரை பெற்றோரின் வீட்டில் காத்திருக்கிறார்.

எதற்காகக் காத்திருக்கிறார் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ஆக்கியது. முதற்பகுதி 2025 ஏப்ரலில், எஞ்சியது 2026, 2027 ஜனவரிகளில். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 17,800 தனி. முழுவதும் நடைமுறைக்கு வரும்போது அலுவலக உதவியாளர் ஒருவருக்கே 57,800 ரூபா, அதற்கு மேல் ஓய்வூதியம். தனியார் துறையின் சட்ட அடிமட்டமோ 30,000, அதுவும் கிடைத்தால். கொழும்பில் இந்த 57,800 நடுத்தரமான சம்பளம். அங்கே தனியார் நிறுவனங்கள் அதைத் தாண்டிக் கொடுக்கின்றன. இங்கே அதே தொகை சந்தையில் உள்ள எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்" என்று எங்கள் கிழவர்கள் சொன்னதை அடிமைப் புத்தி என்று கேலி செய்கிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.


பழைய மாணவி எழுதியது:

காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. 2017இல் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக இருந்த போராட்டத்தில் என் நண்பிகள் இருந்தார்கள். 2020இல் பட்டதாரிப் பயிலுநர் நியமனம் வந்தபோது மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. அதையும் ஊரே கொண்டாடியது. பிரதேச செயலகத்தில் ஒரு மேசைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்ததையும் செய்வதற்கு வேலை இல்லாமல் நாளிதழைப் பங்கு போட்டு வாசித்ததையும் நான் மறுக்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் தொண்டர் ஆசிரியர்களை வைத்துப் பாருங்கள். வன்னிப் பாடசாலைகளில் நிரந்தர ஆசிரியர்கள் போகாத இடங்களில் ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தவர்கள் அவர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் திரட்டிக் கொடுத்த சிறு தொகையே சம்பளம். சிலருக்கு அதுவும் இல்லை. வேலை இருந்த இடத்தில் சம்பளம் இருக்கவில்லை, சம்பளம் இருந்த இடத்தில் வேலை இருக்கவில்லை.


மலாயன் பேரன் எழுதியது:

இளையவர்கள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன். வயதின் காரணமாகப் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள்.

யாழ்ப்பாணத்தின் சம்பளம் யாழ்ப்பாணத்தில் கிடைத்த காலம் மிகக் குறைவு. என் பாட்டனார் மலாயாவில் ரயில்வே இலிகிதர். அவருடைய ஓய்வூதியத்தில்தான் எங்கள் நாற்சார் வீடு எழுந்தது. தகப்பனார் கொழும்பில் அரசாங்க உத்தியோகம். மாதம் பிறந்தால் தபால்காரரை எதிர்பார்த்து அம்மா படலையில் நிற்பார். மணியோடர் பொருளாதாரம் என்று அதைச் சொல்வார்கள். இன்றைக்கு அது ரொறொன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வங்கிக் கணக்குக்கு வருகிறது.

ஆயினும் இந்த மண்ணிலேயே மாதச் சம்பளம் கொடுத்த தொழிற்சாலைகள் இருந்தன. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம் மூன்றும் அரச கூட்டுத்தாபனங்கள். சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கு ஊதினால் தெல்லிப்பழை வரை நேரம் தெரியும். அங்கே வேலை செய்தவருக்குச் சேமலாப நிதி, மேலதிக நேரக் கொடுப்பனவு, தொழிற்சங்கம், விடுதி எல்லாம் இருந்தன. பட்டம் பெறாத ஒருவர் பொருத்துநராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெறலாம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அது நின்றது, பிறகு எழவில்லை. வெள்ளவத்தைத் தம்பி "அடுத்த படி இல்லை" என்று எழுதினாரே, அந்தப் படிகள் இருந்த இடம் இவைதான். 2025இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது உப்புப் பொதியின் பெயர் என்ன என்றே எல்லோரும் சண்டை பிடித்தோம். அங்கே எத்தனை பேருக்கு நிரந்தர நியமனம் என்று கேட்டவரை நான் காணவில்லை.


ஸ்காபறோவிலிருந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிருந்து வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். ஒப்பந்தகாரர் தம்பி சொன்ன 4,000 ரூபாவில் என் பங்கும் இருக்கிறது. கேட்க விரும்புவது இதுதான்: அந்தக் காசைத் தொழிலில் போட்டால் சம்பளம் உயராதா? ஏன் ஒருவரும் போடுவதில்லை?


சுன்னாகம் வர்த்தகன் எழுதியது:

போட்டவர்கள் இருக்கிறார்கள், அண்ணா. நான் கண்டவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். காணி உறுதியில் மூன்று பேரின் கையெழுத்து. ஒருவர் இங்கே, ஒருவர் நோர்வேயில், ஒருவர் இறந்துவிட்டார். மின்சாரத்துக்கும் சூழல் அனுமதிக்கும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கக் கனடாவில் ஒரு மாத விடுமுறை போதாது. கடைசியில் மச்சானைப் பொறுப்பாக விட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் நான் எழுதவில்லை.

சிறியதாக நடப்பவை நடக்கின்றன. திருநெல்வேலிப் பக்கம் மென்பொருள் நிறுவனங்கள் வந்து பொறியியல் பீடத்துப் பிள்ளைகளை எடுக்கின்றன. கொழும்பை விடக் குறைவாகக் கொடுத்தாலும் கடை வீதியை விட எவ்வளவோ கூட. ஆட்கள் எண்ணிக்கையில் அது சிறிது என்பதால் சராசரியை அசைக்காது. ஆனால் என் மருமகள் அங்கேதான் வேலை, வீட்டுக் கடனும் வங்கியில் எடுத்துவிட்டாள். சம்பளத் தாள் இருந்தால்தான் வங்கி கடன் கொடுக்கும் என்பதை ஒப்பந்தகாரர் கவனிக்க வேண்டும். மேசன் அவளை விடக் கூட உழைத்தாலும் அவருக்குக் கிடைப்பது கிழமைக் கட்டணக் கடன்தான்.


நீர்வேலியூரான் எழுதியது:

இதுவரை எழுதியவர்களின் கணக்கை வைத்துப் பார்த்தால், வடக்குக்கும் நாட்டின் ஏனைய பகுதிக்கும் இடையிலான வேறுபாட்டைச் சம்பளத் தொகையில் தேடுவதை விட, சம்பளத்தோடு வரும் கடதாசிகளில் தேடுவதே பயன் தரும் என்று நினைக்கிறேன். நியமனக் கடிதம், சம்பளத் தாள், சேமலாப நிதி இலக்கம் ஆகிய மூன்றும் உள்ள வேலைகள் இங்கே அரசாங்கத்தில் குவிந்திருக்கின்றன. தனியார் துறையில் அவை வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களின் கிளைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் நின்றுவிடுகின்றன. நாடு முழுவதுமே வேலையில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முறைசாராத் துறையில்தான் இருக்கிறார்கள் என்பதால் இது எங்களுக்கு மட்டுமான நோயல்ல. ஆனால் மேல் மாகாணத்தில் அதிலிருந்து வெளியேறக் கதவுகள் அதிகம்.

அடிமட்டம் 30,000 என்பதைக் கேட்டு மகிழ்கிறவர்களுக்கு இன்னொன்று. ஓராளுக்கு மாதம் ஒன்றுக்கு வேண்டிய ஆகக்குறைந்த செலவென்று புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் தேசிய வறுமைக்கோடு 16,000 ரூபாவைத் தாண்டி நிற்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 64,000க்கு மேல். சட்டப்படி முழுச் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தாலும் அந்தக் கோட்டை எட்டுவதில்லை.


ஒரு தாய் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயாவிடம் ஒரு கேள்வி. என் மகள் நகரத்தில் ஒரு கடையில் மூன்று வருடமாக நிற்கிறாள். நியமனக் கடிதம் தரவில்லை. நீங்கள் எழுதிய "உதவிப்பணம்" வவுச்சர்தான். சேமலாப நிதி பற்றிக் கேட்டால், பழைய காலத்துக்கும் சேர்த்து அவளுடைய பங்கைச் சம்பளத்தில் வெட்டித்தான் கட்ட முடியும் என்கிறார்கள். அது சரியா? முறைப்பாடு செய்தால் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அது சரியல்ல, அம்மா. சேமலாப நிதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரியது. பயிலுநர், தற்காலிகம் என்ற பெயர்கள் அதை மாற்றாது. சம்பளம் கொடுக்கும்போது ஊழியரின் 8 சதவீதத்தைக் கழிக்காமல் விட்ட முதலாளி, பிறகு அதை அவளிடமிருந்து அறவிட முடியாது. 20 சதவீதமும் அவரே கட்ட வேண்டும். பிந்திய காலத்துக்கு மேலதிகக் கட்டணமும் விழும், தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை.

தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுக்கலாம். நியமனக் கடிதம் இல்லையென்பது தடையல்ல. அவள் அங்கே வேலை செய்தாள் என்பதைக் காட்டும் எதுவும் உதவும். வவுச்சரில் கையெழுத்து வைக்கும்போது ஒவ்வொரு மாதமும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவேட்டையும் எடுக்கட்டும். சம்பளத்தை வங்கிக்குப் போடும்படி கேட்டு ஒருமுறை போட்டுவிட்டால் அந்தப் பதிவே பெரிய சாட்சி. வேலை போய்விடும் என்ற பயம் வெறும் பயமல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடதாசிகள் சேரும் வரை கடையில் ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளோடு நிற்கும் மற்றப் பிள்ளைகளும் வரத் தயாரென்றால் எல்லோரும் ஒரே நாளில் போய் ஒன்றாகக் கொடுப்பது நல்லது.